இறந்தவரின் சம்மதம்: ஒரு விதிநூலை வாசித்தல்

விளையாட்டு விதிநூல் ஒன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதற்காக வாசகர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. புராணத்தையும் பஞ்சாங்கத்தையும் பள்ளிப் பாடப்புத்தகத்தையும் பிரதிகளாக வாசிக்கலாம் என்று முப்பது வருடங்களுக்கு மேலாக எழுதிக்கொண்டும் சண்டைபிடித்துக்கொண்டும் இருப்பவர்கள் நாம். எங்கள் பிள்ளைகள் வாரந்தோறும் நாலைந்து மணித்தியாலம் கையில் வைத்துப் புரட்டுகிற முந்நூறு பக்கப் புத்தகத்தை மட்டும் 'பொடியளின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுவதில் நியாயமில்லை. அதிலும் அந்தப் புத்தகம் மரணத்தைப் பற்றிச் சட்டப் பிரிவுகள்போல எழுதப்பட்டிருக்கும்போது, மரணச் சான்றிதழ்களோடு மல்லுக்கட்டும் ஒரு சமூகம் அதைப் படித்துப் பார்ப்பதில் தவறொன்றுமில்லை.

நான் சொல்வது 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டைப் பற்றி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் ஆக்கமாக வெளிவந்தது. காய் நகர்த்தும் பலகை இதற்குக் கட்டாயமில்லை. ஒருவர் 'டன்ஜன் மாஸ்ரர்' என்ற பெயரில் கதையின் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்மானிக்கும். அண்ணாவியாரும் கூத்தரும் நடுவே ஒரு தாயக்கட்டையும் என்று வைத்துக்கொள்ளலாம் (கூத்து ஆய்வாளர்கள் கோபிக்கவேண்டாம்). மெல்பேர்ண், சிட்னிப் புறநகர்களில் எங்கள் வீடுகளின் சாப்பாட்டு மேசைகளில் இது நடக்கிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், ஒரு பெட்டி பீற்சா, பென்சில்கள், இரவு பதினொரு மணிக்கும் முடியாத வாக்குவாதம். வாக்குவாதம் பெரும்பாலும் விதியின் பொருளைப் பற்றியது. அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்ததால்தான் நான் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினேன். 1978இல் வந்த பழைய கைநூல், 2003இன் மூன்றரைப் பதிப்பு, 2014இன் ஐந்தாம் பதிப்பு ஆகிய மூன்றையும் வைத்தே எழுதுகிறேன். 2024இல் திருத்தப் பதிப்பும் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மேசையில் இன்னும் 2014இன் ஆட்சிதான்.

ஐந்தாம் பதிப்பில் சாவு இப்படி வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. அவை பூச்சியத்துக்கு இறங்கினால் பாத்திரம் நினைவிழந்து விழும். அதன்பின் தன் முறை வரும்போதெல்லாம் கட்டையை உருட்டவேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி. கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். யாரும் அழுவதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிடும்.

மூன்றரைப் பதிப்பில் இன்னொரு வேடிக்கை. 'இறந்த நிலை' என்பதற்கு அந்நூல் தரும் வரைவிலக்கணத்தில் ஆன்மா உடலை விட்டுப் போகும், சாதாரண மருத்துவமோ மந்திரமோ பலிக்காது, உடல் அழுகும் என்றெல்லாம் இருக்கிறது. இறந்தவர் எந்தச் செயலும் செய்யமுடியாது என்று மட்டும் எழுதவில்லை! இறந்துகொண்டிருப்பவர் நினைவிழந்தவர் என்று கவனமாகச் சொன்ன நூல், இறந்தபின் அவர் நினைவிழந்தவர்தான் என்று சொல்ல மறந்துவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் பிணம் எழும்பி வாள் வீசுவதைத் தடுக்க விதியில்லை. இதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்காத பழைய ஆட்டக்காரர் குறைவு. எழுத்துப்படி என்று ஒரு கட்சி, எழுதியவர் கருத்துப்படி என்று இன்னொரு கட்சி. இளம்பூரணர் ஒன்று சொல்ல நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்லுகிற மரபில் வந்த எமக்கு இந்தச் சண்டை புதிதல்ல.

சிரிப்பு நிற்க. சட்டம் எழுதுபவர் மிகவும் வெளிப்படையான ஒன்றை எழுதாமல் விட்டுவிடுவதும், அந்த இடைவெளிக்குள் ஆட்கள் விழுவதும் விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல.

'அன்டெட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பலநாள் யோசித்தேன். பேய் பொருந்தாது; எங்கள் பேய்க்கு உடல் இல்லை, அல்லது கால் நிலத்தில் பாவாது. கூளி பொருந்தாது, அது பரணியில் போர்க்களத்தில் கூழ் அடுகிற வேறு இனம். வேதாளம் கிட்டத்தட்ட வரும். எனினும் வேதாளம் பிறருடைய பிணத்துக்குள் குடியேறிய வேறோர் ஆவி. முருங்கை மரத்தில் தொங்குகிற உடலுக்கும் அதிலிருந்து வருகிற குரலுக்கும் உறவில்லை. 'நடைப்பிணம்' என்பது உயிருள்ளவரை ஏசும் சொல். விசா முடிவுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த எம்மவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை அடிக்கடி கையாள்கிறார்கள். அந்த உவமை எனக்கு உவப்பானதல்ல. வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, ஊருக்குக் காசனுப்புகிற மனிதரைப் பிணமென்று அழைப்பதில் பரிவைவிட அலட்சியமே கூட. ஆகவே 'அன்டெட்' என்றே எழுதுகிறேன். இறந்த உடல் இறந்தபடியே இயங்குவது, அவ்வளவுதான்.

விதிநூலின் மிகக் கூர்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இறந்தவர் மீது இரண்டு வகை மந்திரங்களைப் பிரயோகிக்கலாம். ஒன்று உயிர்ப்பிப்பது, மற்றது இயக்குவது. உயிர்ப்பிக்கும் மந்திரங்களுக்குப் படிமுறை உண்டு. ஒன்றுக்கு இறந்து பத்து நாளுக்குள் இருக்கவேண்டும். அடுத்ததற்கு நூறு ஆண்டுவரை தவணை. எல்லாவற்றிலும் பெரியதற்கு இருநூறு ஆண்டு. பத்து நாள் மந்திரத்துக்கு ஐந்நூறு பொன் பெறுமதியான வைரம் செலவாகும்; இருநூறு ஆண்டு மந்திரத்துக்கு இருபத்தையாயிரம் பொன். காசுள்ளவன் மீண்டும் வருவான் என்பதை இவ்வளவு வெட்கமில்லாமல் வேறெந்த நூலும் எழுதியதில்லை. 1978இன் நூல் இன்னும் மோசம். எழுப்பக்கூடிய இனங்களின் பட்டியலில் மனிதர், குள்ளர் முதலானோர் இருக்க, 'எல்ஃப்' இனமும் 'அரை ஓர்க்' இனமும் இல்லை. சுடலைக்கும் சாதி பார்த்த யாழ்ப்பாணத்தவர் இதைக் கண்டு ஆச்சரியப்பட உரிமையற்றவர்கள். 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய துணைநூல் யமனுக்கும் கார்த்திகேயனுக்கும் உயிர்ப்புள்ளி எண் கொடுத்திருந்தது. எண் இருந்தால் கொல்லவும் முடியும் என்பதே அவ்விளையாட்டின் தர்க்கம். நல்லூரார் இதை அறியாதிருப்பது நன்று.

ஆனால் இந்த நூலின் ஒரு விதி என்னை நிறுத்திவைத்தது. உயிர்ப்பிக்கும் மந்திரம் பலிக்க, இறந்தவரின் ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்கவேண்டும். வருவதற்குச் சுதந்திரமாகவும் இருக்கவேண்டும். மூன்றரைப் பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது: தன்னை அழைப்பவரின் பெயர் என்ன, அவர் எந்தப் பக்கத்தவர், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர் என்பதை ஆன்மா அறியும், அதைக்கொண்டே வர மறுக்கவும் கூடும். இறந்தவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை! திரும்பிவருவது ஒரு வாதை என்பதையும் நூல் ஒப்புக்கொள்கிறது. பத்து நாள் மந்திரத்தால் வந்தவர் உடனே பழைய ஆள் ஆகிவிடமாட்டார். செய்வதெல்லாம் சிலநாள் தடுமாறும். ஒவ்வொரு நீண்ட உறக்கத்துக்குப் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகவே தேறுவார்.

இயக்கும் மந்திரத்துக்குச் சம்மதம் தேவையில்லை. ஒரு பிணமோ ஒரு குவியல் எலும்போ போதும். எழுந்தது சொன்னதைச் செய்யும். சொல்ல ஒன்றுமில்லாவிட்டால் தன்னைத் தாக்கவருவோரைத் தடுத்துக்கொண்டு நிற்கும். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் சொற்கேளாது போய்விடும். 'ஸொம்பி' என்ற சொல் ஹெயிட்டியிலிருந்து வந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளுக்கு மரணம் ஒன்றே விடுதலையாயிருந்தது. மரணத்தின் பின்னும் இன்னொருவனுக்கு வேலைசெய்ய எழுப்பப்படுவோமோ என்ற அச்சமே அந்த உருவமாயிற்று. தேயிலைத் தோட்டங்களை அறிந்த எமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டை எங்கள் சொந்தக் கதைகளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பெறுமதி தெரிகிறது. எழுப்பப்பட்டவர்கள் எங்களிடமும் உண்டு. மயிலாப்பூரில் சிவநேசர் தம் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தருக்கென்று வளர்க்கிறார். பூக்கொய்யப் போன இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறக்கிறாள். எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்துவைக்கிறார் தந்தை. சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து அவள் எழுகிறாள். சிவநேசர் அவளை ஏற்கும்படி வேண்ட, உயிர் கொடுத்ததால் நான் அவளுக்குத் தந்தை முறையாகிறேன் என்று சம்பந்தர் மறுக்கிறார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது.

அடுத்தது வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொல்லும் கதைகளில் ஒன்று. அம்புலிமாமா வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெண்ணை மூவர் விரும்புகிறார்கள். அவள் இறக்கிறாள். ஒருவன் அவளது சாம்பலிலேயே படுத்துறங்குகிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், மூன்றாமவன் எங்கோ அலைந்து உயிர்ப்பிக்கும் மந்திரத்தைக் கற்றுவருகிறான். அவள் எழுந்ததும் யாருக்கு மனைவி என்ற வழக்கு. அரசனின் தீர்ப்பு: உயிர் கொடுத்தவன் தந்தை, எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலோடு கிடந்தவனே கணவன்.

ஆக, உயிர் கொடுப்பவன் தந்தையாவான் என்பது எங்கள் மரபில் ஏறக்குறைய நிலைபெற்ற விதி. அழகான விதிதான், எழுப்பியவன் எழுப்பப்பட்டவளைத் தன் போகத்துக்கு எடுக்கக்கூடாது என்ற தடை அதில் இருக்கிறது. ஆனால் இரண்டு கதைகளிலும் வழக்கு ஒன்றேதான்: வந்தவள் யாருக்கு உரியவள்? வர விரும்பினாயா என்று பூம்பாவையிடமும் கேட்கவில்லை, மூவரின் நடுவே எழுந்த பெண்ணிடமும் கேட்கவில்லை. எழுந்தது பெண் என்பதால் கேட்கவில்லை என்று பெண்ணிலைவாதிகள் சொன்னால் மறுக்கமாட்டேன். அமெரிக்க வியாபார நிறுவனம் ஒன்று விற்கிற விளையாட்டுப் புத்தகம் கேட்கிற கேள்வியைச் சேக்கிழாரும் வேதாளமும் கேட்கவில்லை என்பதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் எழுதாமல் இருக்கமுடியவில்லை.

மறுபக்கத்தில், விளையாட்டு அறியாத ஒன்று எங்கள் கதைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பூம்பாவை இறந்த வயதில் எழவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளும் வளர்ந்து, பன்னிரண்டு வயதினளாக எழுகிறாள். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனை ஆண்டுகள் பல கழிந்து சுந்தரர் அழைக்கும்போது, அவனும் அத்தனை ஆண்டுக்குரிய வளர்ச்சியோடே கரைக்கு வருகிறான். விதிநூலின் மந்திரங்களுக்கு இது தெரியாது. விழுந்த இடத்திலிருந்து எழும்பி மற்ற உருட்டலுக்கு ஆயத்தமாகவேண்டும், அவ்வளவுதான். எங்கள் பழையவர்கள் எழுதிய விதி தாய்மாரின் கணக்கை அறிந்த விதி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்த படங்களைப் பாருங்கள். படத்தில் பிள்ளைக்கு வயது ஏறுவதில்லை. தாயின் மனதில் ஏறுகிறது. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் ஒப்படைக்கப்பட்டபோது பத்தொன்பது வயதாயிருந்தவனுக்கு 2019இல் இருபத்தொன்பது. கலியாணம் பேசவேண்டிய வயது. அவள் அழைப்பது பத்தொன்பது வயதுப் பொடியனையா, இருபத்தொன்பது வயது ஆளையா? சுந்தரரின் முதலைக்கு விடை தெரிந்திருந்தது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கார்த்திகை 27இல் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் மண்டபங்கள் நிறைகின்றன. பிள்ளையின் படத்தின் முன் ஒரு தாய் விளக்கேற்றுவதை நான் இந்த விமர்சனத்துக்குள் கொண்டுவரவில்லை. அது துக்கம். துக்கத்தின் மேல் விதி பேச எனக்கென்ன உரிமை? அந்தக் கல்லறைகளையே 2009க்குப் பின் இடித்துத் தள்ளி, கோப்பாயில் இராணுவ முகாமும் கட்டிய அரசுக்கு அந்த உரிமை இன்னும் குறைவு. நான் சொல்வது விளக்கேற்றி முடிந்தபின் ஒலிவாங்கியில் வருகிற பேச்சை. மாவீரர் எங்களிடம் இதைக் கேட்கிறார்கள், மாவீரர் இதை மன்னிக்கமாட்டார்கள் என்று தொடங்கும் பேச்சு. கேட்கிறவர் பேசுகிறவரேயன்றி மாவீரர் அல்லர். 1987க்கும் 2009க்கும் இடையில் இருபது வயதில் இறந்த ஒருவர், இன்று எங்கள் சங்கத் தேர்தலில் யாருக்கு ஆதரவு என்று எப்படிச் சொல்வார்? சம்மதம் கேட்காமல் இயக்கப்படும் உடல் அது. வருடாவருடம் மந்திரம் புதுப்பிக்கப்படாவிட்டால் சொற்கேளாது போய்விடும் என்ற பயம் புதுப்பிப்பவர்களிடம் இருக்கிறது.

இதை எழுதியதற்காக எதிர்த்தரப்பு நண்பர்கள் கைதட்டவேண்டாம். 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ரஜனி திராணகம இன்றிருந்தால் இந்த நிலைப்பாட்டையே எடுத்திருப்பார் என்று எங்கள் சிறுபத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்துவிட்டன! அவர் எழுதியவை இருக்கின்றன. அவற்றோடு வாதாடலாம், ஒத்துப்போகலாம். எழுதாததை அவரது வாயில் வைப்பது மற்ற மண்டபத்தில் நடப்பதிலிருந்து எவ்வகையில் வேறானது? தன்னை அழைப்பது யார், எந்தப் பக்கத்தவர் என்பதை அறிந்து மறுக்கும் உரிமை இறந்தவருக்கு உண்டென்றால், எங்களில் எவர் அழைத்து எவர் வருவார் என்பது யோசிக்கவேண்டியது.

பிணத்தோடு பேசும் மந்திரம் ஒன்றும் நூலில் இருக்கிறது. விதிகளிலேயே சிறப்பாக எழுதப்பட்டது அதுவென்பது என் அபிப்பிராயம். ஐந்து கேள்விகள் மட்டும் கேட்கலாம். உடலுக்கு வாய் மிஞ்சியிருக்கவேண்டும். உயிரோடிருந்தபோது அறிந்ததற்கு மேல் அது எதையும் அறியாது. கேட்பவர் பகைவரென்று கண்டால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. மன்னாரில் 2018இல் சதொச கட்டட வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019இல் பதில் வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று, எக்காலத்து எலும்பு என்பது. ஏன் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கரிமக் கணக்கில் இடமில்லை. 2025இல் செம்மணியில் மறுபடியும் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. ஒரு சிறுபிள்ளையின் கூட்டோடு பள்ளிக்கூடப் பையும் இருந்தது. பை சொன்ன பதில் ஆய்வுகூடத்துக்குப் போகாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

தவணைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் ஏழு ஆண்டு தகவலில்லாதவரை இறந்தவராக ஊகிக்கலாம். அவுஸ்திரேலியாவும் அந்த மரபில் வந்ததே. ஆனால் இங்கும் இடைவெளிகள் இருந்தன. பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் 1967 டிசெம்பர் 17இல் போர்ட்ஸீ அருகே செவியட் கடற்கரையில் நீந்தப்போய்க் காணாமற்போனார், உடல் கிடைக்கவில்லை. ஐந்து நாளில் மெல்பேர்ண் புனித பவுல் பேராலயத்தில் நினைவு ஆராதனை நடந்தது. எனினும் 1985 வரை விக்ரோறிய மாநிலச் சட்டத்தில் உடலில்லாமல் மரண விசாரணை நடத்த இடமிருக்கவில்லை. மரணவிசாரணை அதிகாரி நீரில் மூழ்கி இறந்தார் என்று முடிவு சொன்னது 2005இல். முப்பத்தெட்டு வருடம்! இடையில் அவர் பெயரில் மெல்பேர்ணில் நீச்சல் தடாகமும் கட்டிவிட்டார்கள் (இந்த நாட்டின் நகைச்சுவை உணர்வு எனக்கு இன்னும் பிடிபடவில்லை). ஹோல்டின் வழக்கில் அரசு எவரையும் அவசரப்படுத்தவில்லை. அவரைக் கொண்டுபோனது கடல் என்பதால் பதில்சொல்ல வேண்டியவர் எவரும் இருக்கவில்லை.

இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பெயரே 'இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்)'. இறப்பு நிரந்தரம், ஏற்பாடு தற்காலிகம். ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதியலாம் என்றது. 2016இன் திருத்தம், அதற்கு மாற்றாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறவும் வழிசெய்தது. இரண்டாவதைக் கேலிசெய்ய நான் விரும்பவில்லை. பிள்ளை இறந்தான் என்று தாய் தன் கையால் ஒப்பமிடாமலே வங்கிக் கணக்கையும் காணி உறுதியையும் கையாள அது உதவுகிறது. சட்டம் எழுதியவர்களுக்குள் யாரோ ஒருவருக்கு மனித இயல்பு தெரிந்திருக்கிறது. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார், விசாரணையின் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றார். 2022 மார்ச்சில் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற்ற குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அமைச்சரவை தீர்மானித்தது. விதிநூலில் வைரம் கொடுத்து ஆளை எடுக்கலாம். இங்கே காசு வாங்கிக்கொண்டு ஆளை விடவேண்டும் என்றே வீதியில் இருந்த தாய்மார் இதை விளங்கிக்கொண்டார்கள். பிழையாக விளங்கினார்கள் என்று என்னால் சொல்லமுடியவில்லை.

எங்கள் வீட்டு மேசையில் நடந்த ஒரு வழக்கை இந்த இடத்தில் சொல்வது பொருத்தம். பாத்திரம் ஒன்று பல மாதங்களுக்கு முன் கப்பலோடு காணாமற்போயிருந்தது. பிள்ளைகள் இருபத்தையாயிரம் பொன் சேர்த்து, மிகப் பெரிய மந்திரத்தைப் பிரயோகித்தார்கள். உடலே இல்லாவிட்டாலும் அது பலிக்கும். ஒரே நிபந்தனை, இறந்தவரின் பெயரை உரத்துச் சொல்லவேண்டும். சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஒன்றரை மணித்தியாலம் இந்த மௌனத்துக்கு உரை எழுதினார்கள். ஒன்று, அவன் இறக்கவேயில்லை. உயிரோடிருப்பவனை உயிர்ப்பிக்க முடியாது. இரண்டு, இறந்துவிட்டான், வர விருப்பமில்லை. மூன்று, வர விருப்பம், ஆனால் ஆன்மாவை யாரோ சிறைவைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் விதியில் ஆதாரம் இருந்தது. எதுவென்று சொல்லும்படி டன்ஜன் மாஸ்ரராக இருந்த பெண்பிள்ளையைக் கேட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவேண்டும் என்று விதியில் இல்லை என்றாள். ஆட்டத்தைப் பொறுத்தவரை அவள் செய்தது சரி. மற்றவர்களும் கோபித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு, கப்பலைத் தேடிப் புறப்பட ஆயத்தமானார்கள்.

விதிநூலில் நான் காணும் பெரிய குறை இந்த இடத்தில் வெளிப்படுகிறது. உயிரோடிருப்பவர், இறந்துகொண்டிருப்பவர், இறந்தவர், அன்டெட் என்று நாலு நிலை எழுதிய நூல் ஐந்தாவதாக ஒன்றை எழுதவில்லை: தெரியாத நிலை. எழுதத் தேவையிருக்கவில்லை, மேசையில் யாரோ ஒருவருக்கு எப்போதும் தெரியும். பெயர் சொல்லி அழைத்தும் பதில் வராத மௌனத்துக்கு மூன்று விளக்கங்கள் இருக்கலாம் என்று பிள்ளைகளுக்கு அது கற்றுக்கொடுத்திருக்கிறது. தெரிந்தவரை எப்படிப் பேசவைப்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை.

எங்கள் வழக்கிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பேசவைக்க ஆங்கிலச் சட்டம் தந்த பழைய மந்திரம் ஆட்கொணர்வு மனு; அதன் இலத்தீன் பெயரின் பொருள் 'உடல் உன்னிடம் இருக்கட்டும்' என்பது. 2009 மேயில் இராணுவத்திடம் சரணடைந்த ஒருவரைப் பற்றி அவருடைய மனைவி தொடுத்த மனுவில், 2022 டிசெம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் அவரை இராணுவம் மன்றில் முற்படுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 மார்ச் மாதத்தில் திகதியும் குறித்தது. பெயர் கூப்பிடப்பட்டது, ஆள் வரவில்லை.